குடியுரிமை இல்லாதவருக்கும் ஆட்கொணர்வு மனு உண்டா?

2020 ஊரடங்கின்போது தப்லீக் பணிக்காக வந்திருந்த வெளிநாட்டு ஜமாஅத்தினர் புழலில் அடைக்கப்பட்டிருந்ததை மீஞ்சூர், எண்ணூர் வட்டார மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். 'நம் நாட்டுக் குடிமகனே இல்லை, அவருக்காக எந்தக் கோர்ட்டுக்குப் போவது?' என்று நம்மவர்களே கேட்டதுண்டு. ஸகாத் பெறும் எட்டு வகையினரில் வழிப்போக்கரையும் சேர்த்த மார்க்கத்தைப் பின்பற்றும் நாம் அப்படிக் கேட்டிருக்க வேண்டாம். சட்டமும் அப்படிக் கேட்கவில்லை.

அரசியல் சாசனத்தின் 19வது பிரிவு தரும் பேச்சுரிமை போன்றவை குடிமக்களுக்கு மட்டுமே. உயிரையும் சுதந்திரத்தையும் காக்கும் 21வது பிரிவு 'எந்த நபரையும்' என்கிறது. ஆகவே சட்டவிரோதமாக அடைக்கப்பட்டவர் எந்நாட்டவரானாலும், 226வது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். உறவினரோ நண்பரோ கூட அவருக்காகப் போடலாம்.

ஆனால் மனு போட்டதும் கதவு திறந்துவிடாது. அடைத்து வைக்க அரசுக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டா என்பதைத்தான் நீதிமன்றம் முதலில் பார்க்கும். சிறப்பு முகாமில் இருந்த இலங்கைத் தமிழர்கள் தொடர்பான ஆட்கொணர்வு மனுக்களில், 1946ஆம் ஆண்டு வெளிநாட்டினர் சட்டப்படி அரசுக்கு அந்த அதிகாரம் உண்டு என்று 2003இல் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பிணை கிடைத்தவரும் முகாமிலேயே இருக்க நேர்வது இதனால்தான்.

ஜமாஅத்தினருக்கும் அதுவே நடந்தது. அவர்களுக்கு வழி திறந்தது ஆட்கொணர்வு மனு அல்ல, வழக்கையே ரத்து செய்யக் கோரிய மனு. 2020 ஜூன் 12 அன்று மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் 31 வெளிநாட்டினர் மீதான வழக்குகளை முடித்து வைத்தார். விசா விதியை மீறியதை அவர்கள் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்திருந்தார்கள். பட்ட துன்பம் போதும், ஊருக்கு அனுப்புங்கள் என்பதே தீர்ப்பின் சாரம். அல்ஹம்துலில்லாஹ்.

எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. ஜம்முவில் அடைக்கப்பட்ட ரோஹிங்கியா மக்கள் வழக்கில், 21வது பிரிவு அவர்களுக்கும் பொருந்தும் என்று கூறிய உச்ச நீதிமன்றம், நாடு கடத்தப்படாமல் இருக்கும் உரிமை குடிமக்களுக்கே என்று 2021 ஏப்ரலில் சொல்லிவிட்டது. 2025 செப்டம்பர் முதல் பழைய சட்டத்துக்குப் பதிலாகக் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் நடைமுறையில் உள்ளது.

நம் பள்ளிவாசலுக்கு வந்த ஒருவர் பிடிபட்டால், எந்த உத்தரவின் பேரில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு அதன் நகலை வாங்குங்கள். வழக்கறிஞர் முதலில் கேட்பது அதைத்தான். பணமில்லையே என்று தயங்க வேண்டாம். காவலில் இருப்பவருக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி உண்டு.