மேனாம்பேட்டு மாடியும் ஒரு பச்சைக் கோடும்

மேனாம்பேட்டு மொட்டைமாடியிலிருந்து நெபுலாவைப் படமெடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் சிரிப்புதான் வரும். ஒரு பக்கம் அம்பத்தூர் எஸ்டேட்டின் வெளிச்சம். தெருவெல்லாம் எல்.இ.டி. வானம் தெளியும் ஜனவரியில் போகிப் புகை வேறு. “காவலூர் பக்கம் போங்க பாஸ்” என்பதுதான் வழக்கமான அறிவுரை. ஆனால் நெபுலாப் புகைப்படம் பிறந்ததே வீடுகளில்தான்.

1880 செப்டம்பர் 30 அன்று, நியூயார்க் அருகே குடும்ப நிலத்தில் கட்டிய ஆய்வகத்தில், ஹென்றி டிரேப்பர் என்ற மருத்துவர் 11 அங்குலத் தொலைநோக்கியால் ஓரியன் நெபுலாவை 51 நிமிடம் பதிவுசெய்தார். முதல் நெபுலாப் படம் அது. 1883 ஜனவரியில் ஆண்ட்ரூ காமன் என்ற பொறியாளர் தன் வீட்டுத் தோட்டத்தில் 36 அங்குலத் தொலைநோக்கியை வைத்து, 37 நிமிடத்தில் இன்னும் நல்ல படம் எடுத்தார். அந்த வீடு இருந்தது லண்டனின் மேற்குப் புறநகரான ஈலிங்கில். சென்னைக்கு மேனாம்பேடு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாத நட்சத்திரங்களும் அந்தப் படத்தில் விழுந்திருந்தன. கண் ஒளியைச் சேர்த்துவைக்காது, தகடு சேர்த்துவைக்கும்.

இன்று 50 மி.மீ. லென்ஸும் அதைத்தான் செய்கிறது. பத்துப் பத்து விநாடிகளாக நூற்றுக்கணக்கான படங்கள் எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறோம். நமக்கு ஒரு வசதியும் உண்டு: லண்டனில் 33 டிகிரியைத் தாண்டாத ஓரியன் நெபுலா இங்கே 70 டிகிரிக்கு மேல், கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு வந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், தெருவிளக்கின் ஒளியும் கூடவே சேரும். நெபுலாவின் ஒளியை மட்டும் எப்படிப் பிரிப்பது?

அதற்கான வழியும் ஒரு வீட்டில்தான் தொடங்கியது. 1864-இல் பட்டுத்துணி வியாபாரத்தை விட்டு வானியலுக்கு வந்த வில்லியம் ஹக்கின்ஸ், லண்டன் வீட்டிலிருந்து ஒரு நெபுலாவின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார். வானவில் வரவில்லை. சில கோடுகள்தான், அதில் பிரகாசமானது ஒரு பச்சைக் கோடு. தெரிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தாததால் பின்னாளில் ‘நெபுலியம்’ என்று பெயர் வைத்தார்கள். நார்மன் லாக்கியரோ, விண்கற்களில் உள்ள மக்னீசியத்தின் ஒளி அது என்றார். அப்படியானால் கோட்டின் ஒரு விளிம்பு மங்கலாக இருக்க வேண்டும்.

இந்த விவாதத்தில் ஒரு குரல் புனேயிலிருந்து வந்தது. அங்கே அறிவியல் கல்லூரியில், பாவ்நகர் அரசரின் கொடையால் உருவான ஆய்வகத்தை நடத்திய காவஸ்ஜி நாயகம்வாலா, ஓரியன் நெபுலாவில் அந்தக் கோட்டைக் கவனித்து 1891-இல் எழுதினார்: கோடு கூர்மையாகவே இருக்கிறது. லாக்கியர் சொன்னது நிற்கவில்லை. 1912-இல் ஆய்வகம் மூடப்பட்டபோது அதன் 20 அங்குலத் தொலைநோக்கி நம் கொடைக்கானலுக்கு வந்தது.

கோட்டின் விடை 1927-இல் கிடைத்தது. இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன் அது, என்று ஐரா போவன் காட்டினார்.

இன்று கேமரா முன்னால் மாட்டுகிற ஃபில்டர் அந்தப் பச்சைக் கோட்டையும் (சுமார் 500 நானோமீட்டர்) ஹைட்ரஜனின் சிவப்புக் கோட்டையும் (656) விட்டுவிட்டு, மற்ற வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். எஸ்டேட் விளக்கைத் தாண்டி நெபுலா தெரிவது இதனால்தான்.

ஆனால் ஆண்ட்ரோமெடா மாதிரியான கேலக்ஸிகளின் ஒளி எல்லா நிறங்களிலும் பரவிக் கிடக்கிறது. அங்கே ஃபில்டர் கைகொடுக்காது. தெருவிளக்குகளுக்கு மூடி போட்டு, வெளிச்சத்தைத் தரையைப் பார்க்கத் திருப்பினால்தான் உண்டு. இப்போதைக்கு மேனாம்பேட்டு வானத்தில் நமக்கு மிஞ்சியிருப்பது இந்த இரண்டு கோடுகள். அதற்கே ஒரு ஜனவரி முழுக்க வேலை இருக்கிறது.