சென்னையின் மனமகிழ் மன்றங்கள்

சென்னையின் மனமகிழ் மன்றங்கள் என்பவை உறுப்பினர்கள் கூடிப் பேசவும், உண்ணவும், சீட்டு முதலிய விளையாட்டுகளை ஆடவும், வெளியூரிலிருந்து வருவோர் சில நாட்கள் தங்கவும் ஏற்படுத்தப்பட்ட கழகங்கள் ஆகும். பேச்சு வழக்கில் இவை கிளப் என்றே அழைக்கப்படுகின்றன. இவற்றுள் மெட்ராஸ் கிளப் (1832), மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் (1846), காஸ்மாபாலிட்டன் கிளப் (1873), ஜிம்கானா கிளப் (1884), மயிலாப்பூர் கிளப் (1903) ஆகியவை நூறாண்டுகளைக் கடந்தவை.

மேலைநாடுகளில் கேசினோ எனப்படும் சூதாட்ட அரங்கையும் தங்கும் விடுதியையும் ஒரே கட்டடத்தில் நடத்துவது வழக்கம். தமிழ்நாட்டில் கேசினோவுக்கு உரிமம் வழங்கச் சட்டத்தில் இடமில்லை. எனவே தங்கும் அறையும் சீட்டாட்ட அறையும் ஒரே கூரையின் கீழ் அமைந்த பழைய இடம் என்று சென்னையில் சொல்லத்தக்கவை இம்மன்றங்களே. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. கேசினோவில் ஆட்டத்தை நடத்தும் நிறுவனம் ஆடுவோரிடமிருந்து இலாபம் பெறுகிறது. மன்றத்தில் உறுப்பினர்கள் தங்களுக்குள் ஆடுகின்றனர். மன்றம் அதில் இலாபம் பெறக்கூடாது. இந்த வேறுபாடு உண்மையில் காக்கப்படுகிறதா என்பதே கடந்த பல பத்தாண்டுகளாக நீதிமன்றங்களில் எழுந்துவரும் கேள்வியாகும்.

பெயர்

கேசினோ என்பது இத்தாலிய மொழியில் சிறிய வீடு என்னும் பொருள் தரும் சொல்லில் இருந்து வந்தது. ஊருக்கு வெளியே உள்ள சிறு மாளிகை, கேளிக்கைக் கூடம் ஆகியவற்றைக் குறித்துப் பின்னர் சூதாட்ட அரங்கைக் குறிக்கலாயிற்று. தென்னிந்தியாவில் இச்சொல் சூதாட்டத்துடன் தொடர்பில்லாத இடங்களுக்கும் பெயராக வைக்கப்பட்டுள்ளது. சென்னை அண்ணா சாலைக்கு அருகில் உள்ள கேசினோ ஒரு திரையரங்கம் ஆகும். கொச்சி வெலிங்டன் தீவில் உள்ள கேசினோ ஓட்டல் 1950களில் தொடங்கப்பட்ட தங்கும் விடுதி; அங்கும் சூதாட்ட அரங்கு கிடையாது.

மனமகிழ் மன்றம் என்பது அரசு ஆவணங்களிலும் நாளிதழ்களிலும் பயன்படும் தமிழ்ப் பெயர். காவல்துறைச் செய்திகளில் இப்பெயர் பெரும்பாலும் பணம் வைத்துச் சீட்டாடும் சிறு மன்றங்களையே குறிக்கிறது. பழைய பெருமன்றங்களைக் குறிக்கக் கிளப் என்ற சொல்லே நிலைத்துவிட்டது.

வரலாறு

ஆங்கிலேயர் காலம்

மெட்ராஸ் கிளப் 1832ஆம் ஆண்டில் ஐரோப்பியர்களால் தொடங்கப்பட்டது. அண்ணா சாலைக்கும் இராயப்பேட்டைக்கும் இடையில் பரந்த வளாகத்தில் இது இயங்கியது. அன்று சென்னையில் நல்ல தங்கும் விடுதிகள் மிகச் சிலவே. மாவட்டங்களில் பணிபுரிந்த ஆட்சிப்பணி அலுவலர்களும் படை அலுவலர்களும் தலைநகருக்கு வரும்போது மன்றத்தின் அறைகளில் தங்கினர். மணமாகாத அலுவலர்கள் நெடுநாள் தங்குவதும் உண்டு. தொடக்க காலத்தில் பெண்களுக்கு இங்கு அனுமதி இல்லை. இந்தியர்கள் உறுப்பினராக முடியாது; பணியாளராக மட்டுமே உள்ளே செல்லலாம்.

அடையாறு கிளப் 1890ஆம் ஆண்டளவில் அடையாற்றின் கரையில் தொடங்கப்பட்டது. இது பெண்களுக்கும் இடமளித்தது. இது அமைந்த மாளிகை, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசுக் கணக்கராக இருந்த ஜார்ஜ் மௌப்ரே என்பவரால் கட்டப்பட்டது. அதன் குவிமாடம் காரணமாக மௌப்ரேயின் கியூபோலா என்று பெயர் பெற்றது. இன்றைய டி. டி. கே. சாலை முன்னர் மௌப்ரேசு சாலை எனப்பட்டதும் இவர் பெயரால்தான்.

இந்தியர்களின் மன்றங்கள்

மெட்ராஸ் கிளப்பில் இடம் மறுக்கப்பட்ட நிலையில், இந்தியரும் ஐரோப்பியரும் சேர்ந்து உறுப்பினராகக்கூடிய காஸ்மாபாலிட்டன் கிளப் 1873இல் தோன்றியது. அண்ணா சாலையில் உள்ள இம்மன்றத்தில் வழக்கறிஞர்கள், நீதிபதிகள், நிலக்கிழார்கள், வணிகர்கள் ஆகியோர் சேர்ந்தனர். நந்தனத்தில் இதற்குக் கோல்ஃப் திடல் உள்ளது.

மயிலாப்பூர் கிளப் 1903இல் லஸ் பகுதியில் தொடங்கப்பட்டது. அக்காலத்தில் உயர்நீதிமன்ற வழக்கறிஞர்கள் பலர் மயிலாப்பூரில் வாழ்ந்தனர். மாலையில் டென்னிசும் அதன்பின் சீட்டும் ஆடுவது இத்தகைய மன்றங்களின் வழக்கமாக இருந்தது. தியாகராய நகர் குடியிருப்பாக வளர்ந்தபின் அங்கும் மன்றங்கள் தோன்றின. விசயராகவா சாலையில் உள்ள ஆந்திரா கிளப் பலராலும் அறியப்பட்டது.

விடுதலைக்குப் பின்

1940களில் மெட்ராஸ் கிளப் தன் இராயப்பேட்டை வளாகத்தை விட்டு நீங்கியது. அந்த இடம் இராம்நாத் கோயங்காவின் இந்தியன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்திடம் சென்று எக்ஸ்பிரஸ் எஸ்டேட் ஆயிற்று. அங்கு 2010இல் எக்ஸ்பிரஸ் அவென்யூ வணிக வளாகம் திறக்கப்பட்டது. பழைய மன்றத்தின் நினைவாக எஞ்சியிருப்பது அருகிலுள்ள கிளப் ஹவுஸ் சாலையின் பெயர் மட்டுமே. ஐரோப்பிய உறுப்பினர் எண்ணிக்கை குறைந்ததால் மெட்ராஸ் கிளப்பும் அடையாறு கிளப்பும் 1963இல் இணைந்தன. இணைந்த மன்றம் மெட்ராஸ் கிளப் என்ற பெயரில் மௌப்ரேயின் மாளிகையில் இயங்குகிறது.

தங்கும் வசதி

மன்ற அறைகள் பொதுமக்களுக்கான விடுதி அறைகள் அல்ல. இவற்றில் தங்குவோர் பொதுவாக மூன்று வகையினர்:

1. மன்றத்தின் வெளியூர் உறுப்பினர்.
2. இணைவு பெற்ற பிற மன்றங்களின் உறுப்பினர். இவர் தம் மன்றத்தின் அறிமுகக் கடிதத்தைக் கொண்டுவர வேண்டும்.
3. உறுப்பினர் ஒருவரின் விருந்தினர். இவருடைய நடத்தைக்கும் செலவுக்கும் அந்த உறுப்பினரே பொறுப்பு.

இணைவு முறை இம்மன்றங்களின் முதன்மைப் பயன்களுள் ஒன்று. சென்னையில் உறுப்பினராக உள்ள ஒருவர் கொல்கத்தா, பெங்களூர், உதகமண்டலம் போன்ற ஊர்களிலும் வெளிநாடுகளிலும் உள்ள இணைவு மன்றங்களில் தங்க இயலும். அறைகளின் எண்ணிக்கை குறைவாக இருப்பதால் தொடர்ந்து தங்கும் நாட்களுக்கு வரம்பு உண்டு.

பல மன்றங்களில் பணியாளரிடம் பணம் கொடுக்கும் வழக்கம் இல்லை. உண்டதற்கும் குடித்ததற்கும் சீட்டில் கையொப்பமிட வேண்டும். தொகை மாதக் கணக்கில் சேரும். நிலுவை வைத்தவரின் பெயரை அறிவிப்புப் பலகையில் இடுவது பழைய வழக்கம். பெங்களூர் கிளப்பின் பழைய கணக்கேட்டில் வின்ஸ்டன் சர்ச்சில் 13 ரூபாய் நிலுவை வைத்ததாகப் பதிவாகியுள்ள செய்தி பரவலாக அறியப்பட்டது.

மது வழங்குவதிலும் மன்றத்துக்கும் விடுதிக்கும் வேறுபாடு உண்டு. தமிழ்நாட்டில் மன்றங்களுக்கு எஃப். எல். 2 என்னும் உரிமமும், நட்சத்திர விடுதிகளுக்கு எஃப். எல். 3 என்னும் உரிமமும் வழங்கப்படுகின்றன.

விளையாட்டுகள்

சீட்டாட்டத்தில் பிரிட்ஜும் ரம்மியும் முதன்மையானவை. பிரிட்ஜ் நால்வர் இரு அணிகளாக ஆடும் ஆட்டம். 13 சீட்டு ரம்மியில் கையிலுள்ள சீட்டுகளை வரிசையாகவும் இனமாகவும் சேர்த்து முதலில் முடிப்பவர் வெல்கிறார். மற்றவர் கையில் எஞ்சிய சீட்டுகளின் புள்ளி அவருக்கு எதிராகக் கணக்கிடப்படும். இப்புள்ளிக்குக் காசு மதிப்பு வைத்து ஆடும்போதே சட்டச் சிக்கல் எழுகிறது. மூன்று சீட்டு, மங்காத்தா ஆகியவை முழுவதும் வாய்ப்பைச் சார்ந்த ஆட்டங்களாகக் கருதப்படுகின்றன.

பில்லியர்ட்சு அறையும் பெரும்பாலான பழைய மன்றங்களில் உண்டு. இன்று உலகெங்கும் ஆடப்படும் ஸ்னூக்கர் ஆட்டம் இந்தியாவில் இருந்த ஆங்கிலேயப் படை அலுவலரிடையே உருவானது. அதன் விதிகள் 1882இல் உதகமண்டலம் கிளப்பில் வரையறுக்கப்பட்டதாகக் கொள்ளப்படுகிறது. அம்மன்றக் கட்டடம் 1830களின் தொடக்கத்தில் சர் வில்லியம் ரம்போல்ட் கட்டியது. மன்றம் ஆவதற்கு முன் அது தங்கும் விடுதியாகவும் இருந்தது.

சட்ட நிலை

சென்னை மாநகரில் சூதாட்டம் 1888ஆம் ஆண்டின் சென்னை மாநகரக் காவல் சட்டத்தாலும், மாநிலத்தின் பிற பகுதிகளில் 1930ஆம் ஆண்டின் தமிழ்நாடு சூதாட்டச் சட்டத்தாலும் கட்டுப்படுத்தப்படுகிறது. இடத்தை வைத்திருப்பவர் ஆட்டக் கருவிக்கோ இடத்துக்கோ கட்டணம் பெற்று இலாபம் அடைந்தால் அது பொதுச் சூதாட்ட இல்லம் ஆகும். ஆனால் திறமையை மட்டும் சார்ந்த ஆட்டங்களுக்கு இரு சட்டங்களும் விலக்கு அளிக்கின்றன. எனவே ஓர் ஆட்டம் திறமையா வாய்ப்பா என்பது முதல் கேள்வி. மன்றம் இலாபம் பெறுகிறதா என்பது இரண்டாவது கேள்வி.

செகந்திராபாத்திலிருந்த ஒரு மன்றம் தொடர்பான சத்தியநாராயணா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1967இல் இரண்டுக்கும் விடை கூறியது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைப்பதும், எதை வைத்துக்கொள்வது எதைக் கழிப்பது என்று முடிவு செய்வதும் தேவைப்படுவதால் ரம்மி பெரிதும் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்றது. மன்றம் சீட்டுக்கட்டுக்கும் மேசைக்கும் சிறு கட்டணம் பெறுவது குற்றமாகாது என்றும், பணயத்திலிருந்து மன்றம் இலாபம் பெற்றால் குற்றமாகலாம் என்றும் விளக்கியது.

சென்னையில் மகாலட்சுமி கலாசாரச் சங்கம் என்னும் மன்றத்தில் 2011இல் காவல்துறை நடத்திய சோதனை இக்கேள்வியை மீண்டும் எழுப்பியது. காசு வைத்து ரம்மி ஆடினால் காவல்துறை நடவடிக்கை எடுக்கலாம் எனச் சென்னை உயர்நீதிமன்ற அமர்வு 2012இல் கூறியது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. இதற்கிடையில் குற்ற வழக்கில் தொடர்புடையோர் விடுவிக்கப்பட்டதால் 2015இல் மூல மனு திரும்பப் பெறப்பட்டது. அதனால் உயர்நீதிமன்றத்தின் கருத்துகள் நிலைக்கவில்லை.

குதிரைப் பந்தயத்தைப் பொறுத்தவரை, சூதாட்டச் சட்டங்களில் அதற்கு இருந்த விலக்கைத் தமிழ்நாடு அரசு 1974இல் நீக்கியது. இதை எதிர்த்த வழக்கில், பந்தயம் திறமையைச் சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1996 சனவரியில் தீர்ப்பளித்தது.

இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழ்நாடு 2021இல் இயற்றிய சட்டத்தை உயர்நீதிமன்றம் அதே ஆண்டு ஆகத்து 3இல் செல்லாது என்றது. 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்ற புதிய சட்டத்தை 2023 நவம்பரில் பொதுவாக ஏற்றுக்கொண்டது. ஆனால் ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு ஆட்டங்களாகப் பட்டியலிட்ட பகுதியை ஏற்கவில்லை. 2025 ஆகத்தில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், திறமை வாய்ப்பு என்ற வேறுபாடின்றிப் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்கிறது. மன்ற மேசையில் நேரில் ஆடும் சீட்டாட்டம் அதன் வரம்பில் வராது.

பிற மாநிலங்கள்

கோவாவில் 1976ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் 1992இல் திருத்தப்பட்டு ஐந்து நட்சத்திர விடுதிகளில் ஆட்ட இயந்திரங்களுக்கும், 1996இல் திருத்தப்பட்டுக் கடலோரக் கப்பல்களில் கேசினோவுக்கும் வழி செய்யப்பட்டது. சிக்கிம் 2002இல் தனிச் சட்டம் இயற்றியது. கோவாவில் விடுதிகளுக்கான அனுமதி ஐந்து நட்சத்திரத் தகுதியுடன் பிணைக்கப்பட்டுள்ளதால், ஐரோப்பாவில் காணப்படுவது போன்ற சிறிய, பழைமையான சூதாட்ட விடுதிகள் அங்கு உருவாகவில்லை.

விமர்சனங்கள்

உடை

2014 சூலையில் சேப்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு துடுப்பாட்டச் சங்க மன்றத்தில் நடந்த நூல் வெளியீட்டுக்கு வேட்டி அணிந்து வந்த உயர்நீதிமன்ற நீதிபதி து. அரிபரந்தாமனுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. இது சட்டமன்றத்தில் விவாதிக்கப்பட்டது. முதலமைச்சர் செயலலிதா அதே ஆண்டில் கொண்டுவந்த சட்டம், வேட்டி அணிந்தவரை மன்றம் முதலிய பொது இடங்களில் தடுப்பதைக் குற்றமாக்கியது. மீறினால் ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் விதிக்கலாம். மன்றத்தின் உரிமமும் நீக்கப்படலாம். அயலவர் வகுத்த உடை விதி விடுதலைக்கு 67 ஆண்டுகளுக்குப் பின்னும் தொடர்ந்தது பலரால் கண்டிக்கப்பட்டது. மன்றம் தனியாருடையது, அதன் விதியை உறுப்பினரே வகுப்பர் என்பது எதிர்த்தரப்பு வாதமாக இருந்தது.

நிலம்

நகரின் நடுவே சிலருக்காகப் பரந்த நிலம் ஒதுக்கப்பட்டிருப்பது மற்றொரு விமர்சனம் ஆகும். மயிலாப்பூர் கிளப் அமைந்துள்ள நிலம் கபாலீசுவரர் கோயிலுக்கு உரியது. வாடகை குறித்து வழக்குகள் நடந்துள்ளன. கிண்டியில் 1777 முதல் குதிரைப் பந்தயம் நடந்த ஏறத்தாழ 160 ஏக்கர் நிலம் 1945இல் 99 ஆண்டுகளுக்கு மெட்ராஸ் ரேஸ் கிளப்புக்குக் குத்தகைக்கு விடப்பட்டது. வாடகை நிலுவை 730 கோடி ரூபாய்க்கு மேல் எனக் கூறி அரசு 2024 செப்டம்பரில் குத்தகையை நீக்கி நிலத்தைக் கையகப்படுத்தியது. அதே வளாகத்தில் இருந்த ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் திடலும் பூட்டப்பட்டது. மன்றம் இதை எதிர்த்து நீதிமன்றம் சென்றது.

சமூகப் பார்வை

திருக்குறளின் 94ஆம் அதிகாரம் சூது என்னும் தலைப்பில் அமைந்தது. தமிழ்நாட்டில் பரிசுச்சீட்டு விற்பனை 2003 சனவரியில் தடை செய்யப்பட்டது. ஏழைகள் வாங்கும் பரிசுச்சீட்டுக்குத் தடையும், வசதியுள்ளோரின் மன்றச் சீட்டாட்டத்துக்கு விலக்கும் இருப்பது சமனற்றது என்ற கருத்து உண்டு. பரிசுச்சீட்டில் வாங்குபவரின் திறமைக்கு இடமில்லை என்பதும், அதில் நடத்துபவர் எப்போதும் இலாபம் பெறுகிறார் என்பதும் இதற்குத் தரப்படும் மறுமொழி. இந்த மறுமொழி பொருந்துவது, மன்றம் தன் உறுப்பினர்களின் ஆட்டத்திலிருந்து வருவாய் தேடாத வரைதான்.

இவற்றையும் பார்க்க

- கன்னிமாரா விடுதி
- எக்ஸ்பிரஸ் அவென்யூ
- கிண்டி குதிரைப் பந்தயத் திடல்
- ரம்மி
- ஸ்னூக்கர்