வேனில் ஏறிய பாட்டுக்குப் பாட்டு

ஒருவர் பாடி நிறுத்திய இடத்திலிருந்து எழுத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்தவர் பாட வேண்டும். விளையாட்டு அவ்வளவுதான். அந்தாதி கண்ட தமிழுக்கு இது புதிதில்லை. வடக்கே அந்தாக்ஷரி என்று வெகுகாலமாக ஆடுகிறார்கள். ஆனால் இலங்கை மலைநாட்டில், கொட்டகலையில் எங்கள் பிள்ளைப் பருவத்துக்கு அது வந்துசேர்ந்தது கொழும்பிலிருந்து, பி.எச். அப்துல் ஹமீதின் குரலில். இலங்கை வானொலியில் அவர் நடத்திய ‘பாட்டுக்குப் பாட்டு’ எங்கள் தோட்டக் குடியிருப்பான லயம் முழுக்கக் கேட்கும். ரேடியோ இல்லாதவர்கள் பக்கத்துக் காம்பரா வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

ரேடியோவிலிருந்து இறங்கி வேனில் ஏறியது கதிர்காமப் பயணங்களில்தான். சொந்தக்காரர்கள் பணம் போட்டு வேன் பிடிப்போம். தலவாக்கலை, நானுஓயா, நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை, வெல்லவாய என்று வளைந்து வளைந்து போகும் பாதை. பிள்ளைகளுக்கு வாந்தி வரும். “வாய்ல பாட்டு இருந்தா வயிறு சும்மா கெடக்கும்” என்பார் அம்மா. அது வேலையும் செய்தது. பாடுகிறவன் குனிந்து உட்காரமாட்டான், வெளியே பார்ப்பான். தூரத்தைப் பார்த்தால் தலைசுற்றல் குறையும்தானே.

டெவன் நீர்வீழ்ச்சியைத் தாண்டுவதற்குள் முதல் சண்டை வந்துவிடும். தமிழ்ப் பாட்டு பலவும் ‘ன்’, ‘ள்’, ‘ல்’ என்று போய் நிற்கும். ‘ன’விலும் ‘ள’விலும் எந்தச் சொல் தொடங்கும்? மாமா தீர்ப்புச் சொன்னார்: கடைசிச் சொல்லின் முதல் எழுத்தை எடு. அன்றிலிருந்து அதுதான் எங்கள் குடும்பச் சட்டம்.

அதைவிடப் பெரிய வழக்கு எங்கள் பாட்டி, அம்மாயியுடையது. பள்ளிக்கூடம் போகாதவர், எழுத்து தெரியாது, ஓசை தெரியும். “கொ வந்திருக்கு அம்மாயி” என்றோம். தேயிலைக் கொழுந்தையும் கங்காணியையும் வைத்து ஒரு பாட்டை எடுத்தார். நாங்கள் யாரும் அதுவரை கேட்டதேயில்லை.

“இது சினிமாப் பாட்டு இல்ல, செல்லாது!” என்று தம்பி குதித்தான்.

“மலைல நின்னு பாடுனது பாட்டு இல்லையாடா?” என்று அம்மா கேட்டதும் வேன் அடங்கிவிட்டது.

பாட்டு செல்லும் என்றாயிற்று. பிறகு ஒவ்வொரு பயணத்திலும் அம்மாயிக்கு நல்ல எழுத்தாக வரும்படி நாங்களே பார்த்துக்கொண்டோம். இது போன்ற பாட்டுகளை, எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை தேடித் திரட்டிய மலைநாட்டுப் பாடல்களாகப் புத்தகத்தில் பார்த்தது வளர்ந்த பிறகு. வீட்டில் சும்மா பாடச் சொன்னால் அம்மாயி வெட்கப்பட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். போட்டி என்று வந்தால்தான் வாய் திறப்பார். அந்தப் பாட்டுகள் எங்கள் தலைமுறைக்கு வந்ததற்கு இந்த விளையாட்டைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இதற்கிடையில் விளையாட்டு கடலும் தாண்டிவிட்டது. 1993இல் தொடங்கிய சன் டிவியில் அதே அப்துல் ஹமீது அதை நடத்தினார்; தமிழ்நாடு உட்கார்ந்து பார்த்தது. டிஷ் வழியாக அது கொட்டகலைக்கே திரும்பி வந்தபோது, நம்ம வீட்டுப் பிள்ளை ஊர் மெச்ச நிற்கிறதைப் பார்க்கிற பெருமை எங்களுக்கு.

வேனில் அது இன்னும் ஓடுகிறது. ‘போனைப் பார்த்துப் பாடக்கூடாது’ என்று ஒரு சட்டம் கூடியிருக்கிறது. சென்ற தடவை, ஓட்டிவந்த சிங்களத் தம்பி தனக்கும் ஒரு எழுத்துக் கேட்டான். சிங்களப் பாடகர் ஜோதிபாலவின் பாட்டொன்றைப் பாடினான். மெட்டு எல்லோருக்கும் தெரிந்த பழைய இந்திப் பாட்டினுடையது. அதில் அதிசயமில்லை; ஆரம்பகாலச் சிங்களப் படங்களே தென்னிந்திய ஸ்டூடியோக்களில் பிறந்தவைதானே. செல்லுமா செல்லாதா என்று வெல்லவாய வரை வாதாடினோம். செல்லும் என்று முதலில் சொன்னவன் தம்பி.