ஐந்து பெண்செடிகள்

1712 ஜனவரியில் பிரான்சின் சான் மாலோ துறைமுகத்திலிருந்து தென்னமெரிக்காவுக்குப் புறப்பட்ட கப்பலில், வியாபாரி என்று சொல்லிக்கொண்டு ஒருவர் ஏறினார். பெயர் ஃப்ரெசியே. உண்மையில் அவர் படைப் பொறியாளர். சிலி, பெரு கரையோரங்களில் ஸ்பெயின்காரர்கள் கட்டிவைத்திருந்த கோட்டைகளை வேவு பார்த்து வரைபடம் போட்டு வரும்படி பதினான்காம் லூயி மன்னர் அனுப்பிய ஆள். ஸ்ட்ராபெரிக்குப் பிரெஞ்சு மொழியில் 'ஃப்ரேஸ்' என்று பெயர். கோட்டையைப் பார்க்கப் போனவரின் கண், தன் பெயரைப் போலவே ஒலிக்கும் ஒரு பழத்தின் மேல் விழுந்தது.

அன்றைய ஐரோப்பாவில் ஸ்ட்ராபெரி என்றால் பெரும்பாலும் காட்டினப் பழம்தான். சுண்டுவிரல் நகத்தளவு இருக்கும், மணம் மட்டும் ஊரைக் கூட்டும். வட அமெரிக்காவிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் வந்த வர்ஜினியா இனம் நல்ல சிவப்பு, நல்ல ருசி. ஆனால் அதுவும் சிறிய பழமே. சிலியின் கான்செப்சியோன் நகர்ப்புறத்திலோ வயல் வயலாக ஸ்ட்ராபெரி விளைந்துகிடந்தது. வெளிறிய சிவப்புப் பழங்கள், அக்ரூட் அளவு. சில கோழிமுட்டை அளவு. அதைக் காட்டிலிருந்து தோட்டத்துக்குக் கொண்டுவந்து, பெரிய பழம் தரும் செடிகளாகப் பார்த்துப் பெருக்கியவர்கள் மாபுச்சே மக்கள். ஸ்பெயின்காரர்கள் அந்தக் கரையில் கால்வைப்பதற்கு வெகுகாலம் முன்பே நடந்த வேலை அது.

ஸ்ட்ராபெரியை விதை போட்டு வளர்த்தால் தாயின் குணம் அப்படியே வராது. வல்லாரை போல அதுவும் ஓடுதண்டு விட்டு, கணுவில் வேர்பிடித்துக் குட்டிச் செடி போடும். ஆகவே ஃப்ரெசியே உயிருள்ள செடிகளையே கப்பலில் ஏற்ற வேண்டியிருந்தது. திரும்பும் பயணம் ஆறு மாதம். குடிதண்ணீர் அளந்து ஊற்றப்படும் கப்பலில் செடிக்கு யார் தண்ணீர் கொடுப்பார்கள்? சரக்குக்குப் பொறுப்பானவர் கொடுத்தார். 1714 ஆகஸ்டில் கப்பல் மார்சேய் வந்துசேர்ந்தபோது ஐந்து செடிகள் உயிரோடு இருந்தன. தண்ணீர் தந்தவருக்கு இரண்டு, பாரிஸ் அரச தோட்டத்தின் தாவரவியலாளர் அந்துவான் த ஜுசியேவுக்கு ஒன்று, மேலதிகாரிக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று பங்கு பிரித்தார் ஃப்ரெசியே.

செடிகள் தழைத்தன. ஓடுதண்டு விட்டன. பூத்தன. ஆனால் காய்க்கவில்லை.

பப்பாளி போட்டவர்களுக்கு இதன் காரணம் சட்டென்று புரியும். சிலி ஸ்ட்ராபெரியில் ஆண்செடி வேறு, பெண்செடி வேறு. கைநிறையப் பழம் இருந்த செடிகளாகப் பார்த்துத்தான் ஃப்ரெசியே தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். பழம் இருந்தால் அது பெண்செடி. ஐந்தும் பெண்ணாகப் போயின. செடிக்கும் ஆண் பெண் உண்டு என்ற அறிவு பரவலாகாத காலம் என்பதால், மண் சரியில்லை, குளிர் அதிகம் என்று பாரிஸ் தோட்டக்காரர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

விடை பிரான்சின் மேற்குக் கோடியில் கிடைத்தது. ப்ரித்தானியில் ப்ரெஸ்ட் துறைமுகத்துக்கு எதிரே ப்ளூகாஸ்தெல் என்றொரு தீபகற்பம். கடலை ஒட்டிய மிதமான தட்பவெப்பம் சிலிக் கரையை ஒத்தது, உரத்துக்குக் கடற்பாசி. அங்கே போய்ச் சேர்ந்திருந்த சிலிச் செடியின் வரிசைகளுக்கு நடுவே சிறு விவசாயிகள் வர்ஜினியா இனத்தையும், ஐரோப்பாவின் கஸ்தூரி மண ஸ்ட்ராபெரியையும் கலந்து நட்டார்கள். பக்கத்துச் செடியின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்து சேர்த்தது. பெண்செடிகள் காய்த்துத் தள்ளின.

அதன் சூட்சுமத்தை ஏட்டில் எழுதிவைத்தவர் அந்துவான் நிக்கோலா துஷேன் என்ற இளைஞர். 1764 ஜூலையில், இன்னும் 17 வயது நிரம்பாத அவர், கஸ்தூரி இனத்தின் மகரந்தத்தால் காய்க்கவைத்த ஒரு சிலிச் செடியைத் தொட்டியோடு பதினைந்தாம் லூயியின் முன் வைத்தார். ஸ்ட்ராபெரி வகைகளையெல்லாம் திரட்டும்படி மன்னர் உத்தரவிட்டார். அதற்குள் ஐரோப்பியத் தோட்டங்களில் அன்னாசி வாசம் அடிக்கும் புதுவகை ஒன்று தலைகாட்டியிருந்தது. எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் விளங்கவில்லை. சிலித் தாய்க்கும் வர்ஜினியாத் தந்தைக்கும் பிறந்த கலப்பு அது என்று 1766இல் வெளியிட்ட நூலில் துஷேன் சொன்னார். இரண்டு இனங்களிலும் எட்டு அடுக்குக் குரோமோசோம்கள் இருப்பதால்தான் இந்தச் சம்பந்தம் இவ்வளவு நன்றாகப் பொருந்தியது என்பது 20ஆம் நூற்றாண்டில் தெரிந்தது. தாயிடமிருந்து பருமன், தந்தையிடமிருந்து நிறமும் மணமும். இன்று ஊட்டி, கொடைக்கானல் சாலையோரத்தில் சின்னப் பெட்டிகளில் விற்பது இந்தக் கலப்பின் வழிவந்த பழம்தான்.

ப்ளூகாஸ்தெல்லுக்கு அந்தச் செடி சோறு போட்டது. துண்டு துண்டான நிலம், வீட்டு ஆட்களின் உழைப்பு, குனிந்தபடியே பழம் பறிப்பு. கழிமுகத்தைப் படகில் கடந்தால் ப்ரெஸ்ட் சந்தை. 1865இல் ரயில் ப்ரெஸ்ட்டை எட்டியதும் பாரிஸ் கிட்டே வந்தது. கப்பலில் இங்கிலாந்துக்கும் பழம் போயிற்று. 1930இல் பாலம் வந்து படகுப் பாட்டையும் தீர்த்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் போட்டி பெருகி, பலர் கண்ணாடிக் கூடாரத்துக்கும் தக்காளிக்கும் மாறினார்கள். ஆனாலும் அந்த ஊரில் ஸ்ட்ராபெரிக்கென்று ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது, கோடையில் திருவிழாவும் நடக்கிறது. கூடாரங்களில் இப்போது வளர்வது காரிகெட் போன்ற புது ரகங்கள்.

சிலியிலும் கதை மாறிவிட்டது. வியாபாரத்துக்கு அங்கே நடுவது பெரும்பாலும் கமரோசா, அல்பியோன் போன்ற கலிஃபோர்னிய ரகங்கள். தாய்மண்ணுக்கு மகள்வழிப் பேத்தி திரும்பி வந்து, நிலத்தைப் பிடித்துக்கொண்டாள். பழைய சிலி இனமான வெள்ளை ஸ்ட்ராபெரியை நாவெல்பூதா மலைத்தொடரில், பூரேன் வட்டாரத்தில், சில சிறு விவசாயக் குடும்பங்கள் இன்னும் பயிரிடுகின்றன. டிசம்பர், ஜனவரி மாதங்களில் பறிப்பு. தொட்டாலே கன்றும் பழம் என்பதால் தூரப் பயணம் அதற்கு ஆகாது. அக்கம்பக்கத்துச் சந்தைகளிலேயே விற்றுத் தீர்ந்துவிடுகிறது.