ஒட்டுப்போர்வையும் கூட்டுறவும்: அலபாமாப் பெண்களின் ஒரு தொழில் முயற்சி

கைத்தொழில்களின் வரலாற்றை எழுத முற்படுவோர் பெரும்பாலும் ஆக்கப்பட்ட பொருளையே நோக்குவர். அப்பொருளை ஆக்கப் பயன்பட்ட கருவி எது, அக்கருவியைத் தெரிவு செய்யும் உரிமை யாரிடம் இருந்தது என்பன போன்ற வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள அலபாமா மாநிலத்தில் 1966 ஆம் ஆண்டு கறுப்பினப் பெண்கள் நிறுவிய ‘பிறீடம் குவில்ற்றிங் பீ’ என்னும் கூட்டுறவுச் சங்கத்தின் வரலாறு இவ்வினாக்களை எழுப்பாமல் விளங்கிக்கொள்ளத்தக்கதன்று. ‘விடுதலைப் போர்வைத் தையற்குழு’ என அப்பெயரைத் தமிழிற் கூறலாம். அயலார் ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் வேலையிற் கைகொடுக்கும் வழக்கத்தையே அந்நாட்டார் ‘பீ’ என்றனர்.

ஒட்டுப்போர்வை மூன்று அடுக்குகளாலானது. பழந்துணித் துண்டுகளைப் பொருத்தித் தைத்த மேற்பரப்பு, நடுவே பஞ்சு, கீழே அடித்துணி ஆகிய மூன்றையும் ஊடுருவிச் செல்லும் தையலே அதனை ஒரு பொருளாக்குகிறது. மேற்பரப்பைப் பொருத்துவது தனியொருத்தியின் வேலை. நிறத்தையும் வடிவத்தையும் அவளே தீர்மானிப்பாள். மூன்று அடுக்குகளையும் சட்டகத்தில் இறுக்கிக் கட்டியபின் நடைபெறும் தையலோ பலர் கூடிச் செய்யும் வேலை. ஒரு வீட்டுப் போர்வை முடிந்ததும் அடுத்த வீட்டுக்குச் செல்வது வழக்கம். எனவே சட்டகம் என்பது வெறும் கருவி மட்டுமன்று. அதனைச் சுற்றியே அப்பெண்களின் உரையாடலும் பாட்டும் வழிபாடும் நிகழ்ந்தன. சங்கம் தோன்றுமுன்னரே சங்கத்துக்குரிய பழக்கம் அங்கு இருந்தது எனலாம். ஏனைய கருவிகள் மிகச் சில: ஊசி, நூல், கத்தரிக்கோல், விரலைக் காக்கும் சிறு கவசம். துணியோ உழைத்துக் கிழிந்த ஆடைகளிலிருந்தும் மா, பசளைச் சாக்குகளிலிருந்தும் வந்தது. அளவுகோலைப் பலர் நாடவில்லை. துணி எவ்வளவு கிடைத்ததோ அவ்வளவே வடிவத்தின் எல்லையாயிற்று.

இப்பெண்கள் வாழ்ந்த வில்கொக்ஸ் மாவட்டம் பருத்திப் பெருந்தோட்டங்களின் நிலம். அங்கு அலபாமா ஆறு வளைந்து மூன்று புறமும் சூழ்ந்த பகுதி ஜீஸ் பென்ட் எனப்படும். 1845 இல் அத்தோட்டத்தைப் பெற்ற மார்க் பெற்வே என்பவர் வட கரோலினாவிலிருந்து ஏறத்தாழ நூறு அடிமைகளைக் கால்நடையாகவே அங்கு கொண்டுவந்தார். அவர்களது வழித்தோன்றல்கள் பலர் இன்றும் அவரது குடும்பப் பெயரையே தாங்கியுள்ளனர். அடிமைமுறை ஒழிந்தபின் அவர்கள் வாரக்குடிகளாயினர். 1932 இல் கடன் கொடுத்த வணிகர் ஒருவர் இறந்ததும், அவர் குடும்பத்தினர் கடனுக்கு ஈடாகக் கால்நடைகளையும் தானியத்தையும் விதையையும் கலப்பைகளையும் அள்ளிச் சென்றனர். கருவியை இழந்த உழவன் எந்நிலைக்கு ஆளாவான் என்பதை அக்குளிர்காலத்தில் ஜீஸ் பென்ட் மக்கள் அறிந்துகொண்டனர். பின்னர் றூஸ்வெல்ற் அரசாங்கம் அந்நிலத்தை வாங்கி, குடிகள் தவணைமுறையிற் சொந்தமாக்கிக்கொள்ள வழிசெய்தது. இதனால் அவர்களை எவரும் எளிதில் வெளியேற்ற முடியாதாயிற்று. ஆனால் அயலிலுள்ள றெகொபெத், அல்பேற்றா ஆகிய ஊர்களில் வாழ்ந்தோர் பலர் பிறர் நிலத்திலேயே தங்கியிருந்தனர். இவ்வேறுபாடு பிற்கால நிகழ்ச்சிகளை விளங்கிக்கொள்ள இன்றியமையாதது.

மாவட்டத்தில் கறுப்பின மக்களே பெரும்பான்மையினராயினும், 1965 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர்களுள் ஒருவர் பெயரேனும் வாக்காளர் பட்டியலில் இல்லை. 1962 இலேயே ஜீஸ் பென்டையும் மாவட்டத் தலைநகரான கம்டனையும் இணைத்த ஆற்றுத் தோணிச் சேவை நிறுத்தப்பட்டிருந்தது. வாக்காளராகப் பதிவு செய்யச் செல்வோரைத் தடுப்பதே அதன் நோக்கம் என அம்மக்கள் கருதினர். 1965 பெப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் அங்கு வந்து உரையாற்றினார். அவ்வாண்டு பதிவு செய்யத் துணிந்த வாரக்குடிகள் பலர் வேலையையும் வீட்டையும் இழந்தனர்.

இச்சூழலிலேதான், 1965 டிசம்பரில், மக்கள் உரிமை இயக்கத்தில் ஈடுபட்டிருந்த வெள்ளையினக் குருவானவரான பிரான்சிஸ் வோல்ற்றர் அப்பகுதியிற் பயணஞ் செய்தார். ஒரு வீட்டின் கொடியில் உலர்ந்த மூன்று போர்வைகளைக் கண்டு அவர் அணுகியபோது, அவற்றுக்குரிய பெண் வெள்ளையர் ஒருவர் வருவதைப் பார்த்து அஞ்சிக் காட்டுக்குள் ஓடிவிட்டாள் என்பர். அக்காலத்தின் நிலையை இதைவிடச் சுருக்கமாகக் கூறமுடியாது. அவர் போர்வைகளைப் பத்து டொலர் வீதம் வாங்கி நியூயோர்க்கில் ஏலத்தில் விற்க ஏற்பாடு செய்தார். 1966 மார்ச்சில் கம்டனிலுள்ள தேவாலயமொன்றிற் கூடிய பெண்கள் சங்கத்தை முறைப்படி அமைத்தனர். மின்டர் கோல்மன் முதற்றலைவியானார். நீண்டகாலம் முகாமையாளராக இருந்து சங்கத்தை நடத்தியவர் எஸ்ரெல் விதர்ஸ்பூன். குருவானவரின் பங்கை மறுப்பதற்கில்லை. ஆயினும் அவர் வழிகாட்டினாரேயன்றித் தையற்கலையைக் கொண்டுவரவில்லை என்பதைச் சில செய்தித்தாள்கள் மறந்துவிட்டன.

ஏலங்களிற் கிடைத்த வரவேற்பு பெரிது. ஓவியர் லீ கிறாஸ்னர் நேரிலே வந்து போர்வைகளை வாங்கினார். புளூமிங்டேல்ஸ் போன்ற நியூயோர்க் விற்பனை நிலையங்கள் கட்டளை கொடுத்தன. இங்கேயே சிக்கல் தொடங்கியது. நகரத்துக் கடை ஒன்று ஒரு போர்வையைப் பார்த்துக் கட்டளையிட்டால், அதே போர்வை மீண்டும் வேண்டும் என்பதே அதன் பொருள். அளவு, நிறம், தையலின் நெருக்கம் யாவும் ஒத்திருத்தல் வேண்டும். ஆகவே அளவுகோலும், துண்டுகளை ஒரே வடிவில் வெட்ட உதவும் மாதிரிகளும், வாங்கிய புதுத்துணியும் அவசியமாயின. 1969 இல் சங்கம் தனது சொந்த நிலத்தில் மார்ட்டின் லூதர் கிங்கின் நினைவாகத் தையல் நிலையமொன்றைக் கட்டியது. அந்நிலத்தின் சில பகுதிகள் வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்கு வீட்டு மனைகளாக விற்கப்பட்டமை சங்கத்தின் கணக்கில் எழுதப்படாத பெரிய இலாபமாகும். கூரையின்கீழ் மேசைகளும் இயந்திரங்களும் வந்தன. வேலை நேரம் வந்தது, மேற்பார்வை வந்தது. தன் வீட்டில் தன் விருப்பப்படி துணியைப் பொருத்திய பெண், இப்போது இன்னொருவர் வரைந்த வடிவத்தைப் பிழையின்றித் தைக்க வேண்டியவளானாள். இதனை விரும்பாத சிலர், சிறப்பாக ஜீஸ் பென்டிற் சொந்த நிலமுடைய சிலர், சங்கத்தில் முழுமையாக ஈடுபடவில்லை.

இம்மாற்றத்தைக் கலையின் வீழ்ச்சி எனக் கூறும் விமர்சகர்கள் உளர். இக்கூற்று ஒருபக்கச் சார்பானது. வயலிற் பருத்தி பறிப்பதைத் தவிர வேறு வழியற்றிருந்த பெண்ணுக்கு, வாரந்தோறும் தன் பெயருக்கே வரும் கூலியின் பெறுமதியைக் கலைக்கூடச் சுவரை நோக்கி நின்று அளக்க முடியாது. ஓர் ஒப்பீடு இங்கு பயன்படும். 1970களில் அந்நாடெங்கும் வசதிபெற்ற நடுத்தர வகுப்புப் பெண்களிடையே பொழுதுபோக்குப் போர்வைச் சங்கங்கள் பெருகின. 1979 இல் ஒல்பா என்னும் யப்பானிய நிறுவனம் வட்ட அலகுடைய சுழல்வெட்டியை அறிமுகஞ் செய்ததும், கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டிய துண்டுகளைப் பல அடுக்காக ஒரே இழுப்பில் வெட்ட முடிந்தது. எவ்வகை ஊசி, எவ்வகை அளவுகோல், எவ்வகை வெட்டுப்பலகை என்பன அச்சங்கங்களின் கூட்டங்களில் விருப்பத்தோடு விவாதிக்கப்பட்ட விடயங்கள். அவர்களும் அளவுகோலையே கையாண்டனர். ஆனால் தாமே விரும்பி எடுத்தனர், வேண்டாதபோது கீழே வைத்தனர். அலபாமாப் பெண்களுக்கு அதனைக் கட்டளையின் நிபந்தனையாகச் சந்தை கொடுத்தது. கருவியின் நுட்பத்திலன்றி இவ்வுறவிலேயே வேறுபாடு தங்கியுள்ளது.

எனினும் நிபந்தனை முழுமையாக வென்றுவிடவில்லை என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1972 இல் சியர்ஸ் றோபக் நிறுவனம் தலையணை உறைகள் தைக்கும் ஒப்பந்தத்தைச் சங்கத்துக்கு அளித்தது. வரிவரியான பட்டுமயிர் போன்ற மேற்பரப்புடைய கோடுறோய் என்னும் தடித்த துணி, பெருந்தொகையாக வந்திறங்கியது. உறைகள் யாவும் ஒரே மாதிரியானவை. தைப்பதில் எவ்விதப் படைப்பு முயற்சிக்கும் இடமில்லை. ஆனால் வெட்டியபின் எஞ்சிய நீண்ட கீற்றுகளைப் பெண்கள் வீட்டுக்குக் கொண்டுசென்றனர். தடித்த கோடுறோயை நுண்ணிய வடிவங்களாக மடித்துத் தைப்பது கடினம். ஆகவே பெரிய பட்டைகளும் சதுரங்களும், மஞ்சளும் செம்மஞ்சளும் பச்சையுமாக, வீட்டுச் சட்டகங்களில் ஏறின. பகலிற் சந்தைக்கு வெட்டிய அதே துணி இரவிற் குடும்பத்தின் குளிரைப் போக்கும் போர்வையாயிற்று. அங்கு மாதிரித் தகடும் இல்லை, மேற்பார்வையும் இல்லை.

2002 இல் ஜீஸ் பென்ட் போர்வைகள் ஹூஸ்ரன் நுண்கலைக் கூடத்திலும், பின்னர் நியூயோர்க் விற்னி கலைக்கூடத்திலும் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, பார்வையாளரைக் கவர்ந்தவற்றுள் இக்கோடுறோய்ப் போர்வைகளும் அடங்கும். விற்னி கலைக்கூடம் 1971 இலேயே அமெரிக்கப் போர்வைகளை நவீன ஓவியங்களைப் போலச் சுவரில் தொங்கவிட்டிருந்தது. அலபாமாப் பெண்களின் ஆக்கங்கள் அச்சுவரை அடைய மேலும் முப்பதாண்டுகள் சென்றன. 2006 இல் பத்துப் போர்வைகள் அஞ்சல் முத்திரைகளாக வெளியிடப்பட்டன. அவ்வாண்டிலேயே, நாற்பத்துநான்கு ஆண்டுகளின் பின், ஆற்றைக் கடக்கும் தோணிச் சேவையும் மீண்டும் தொடங்கியது. ஆக்கியோருக்கு உரிய பணம் கிடைத்ததா என்ற வினாவும் உடன் எழுந்தது. 2007 இல் சில பெண்கள் வழக்குத் தொடுத்தனர்; மறு ஆண்டில் அது இணக்கமாக முடிவுற்றது.

இப்புகழின் பயன் கூட்டுறவுச் சங்கத்தை அதிகம் எட்டவில்லை. காட்சிகளிற் போற்றப்பட்டவை அது தடைசெய்த தனிப்போக்கான ஆக்கங்களே. கட்டளைகள் ஏற்கெனவே குறைந்துவிட்டன, உறுப்பினர் முதுமையடைந்தனர், இளையோர் வேலை தேடி நகரங்களுக்குச் சென்றனர். எஸ்ரெல் விதர்ஸ்பூன் 1998 இற் காலமானார். 2003 இல் ஜீஸ் பென்ட் பெண்கள் தமக்கென வேறொரு கூட்டமைப்பை நிறுவி, அவரவர் விருப்பப்படி தைத்த போர்வைகளை அவரவர் பெயரிலேயே விற்கத் தொடங்கினர். விடுதலைப் போர்வைத் தையற்குழு 2012 இல் மூடப்பட்டது.