குட்டித் தலையும் கைபேசியும்: முப்பது ஆண்டு ஆராய்ச்சியின் கதை

மொட்டை மாடியில் டவர் வைக்க இடம் கேட்டு வந்த கடிதத்தைப் பற்றிச் சென்ற பொதுக்குழுவில் பேசிக்கொண்டிருந்தோம். அப்போது ஒரு இளம் தாய் எழுந்து, "டவரை விடுங்க சார். என் ஏழு வயசுப் பையன் தினமும் ஊர்ல இருக்கற தாத்தாகிட்ட அரை மணி நேரம் போனைக் காதுல வச்சுப் பேசறான். அவன் மூளைக்கு ஒண்ணும் ஆகாதா?" என்று கேட்டார். ஒருவர் "எல்லாம் வதந்தி" என்றார். இன்னொருவர் "கண்டிப்பா கேன்சர் வரும்" என்றார். படித்துவிட்டு எழுதுகிறேன் என்று நான் ஒப்புக்கொண்டேன். அந்தக் கடனை இப்போது அடைக்கிறேன்.

கைபேசிக் கதிர்வீச்சு எக்ஸ்ரே போன்றதல்ல. மரபணுவை நேரடியாக உடைக்கும் அளவுக்கு அதற்கு ஆற்றல் கிடையாது. காதருகே வைக்கும்போது அந்த ஆற்றலில் ஒரு பகுதியைத் தலை உறிஞ்சிக்கொள்கிறது; திசு மிகச் சிறிய அளவு சூடாகிறது. ஒரு கிலோ திசு எத்தனை வாட் உறிஞ்சுகிறது என்ற கணக்கைத்தான் 'சார்' மதிப்பு என்கிறோம்.

பொதுமக்களின் பயம் 1993 ஜனவரியில் தொடங்கியது. மனைவியின் மூளைக் கட்டிக்குக் கைபேசிதான் காரணம் என்று வழக்குப் போட்டிருந்த ஃப்ளோரிடாக்காரர் ஒருவர், அமெரிக்கத் தொலைக்காட்சியில் லாரி கிங் நிகழ்ச்சியில் பேசினார். கைபேசி நிறுவனங்களின் பங்குகள் சரிந்தன. போதிய அறிவியல் ஆதாரம் இல்லை என்று 1995-இல் வழக்கு தள்ளுபடியானது. ஆனால் கேள்வி தள்ளுபடியாகவில்லை. 1996-இல் அமெரிக்க அரசு, ஒரு கிராம் திசுவின் சராசரியாகக் கிலோவுக்கு 1.6 வாட் என்று வரம்பு வைத்தது.

அந்த வரம்பை எந்தத் தலையில் அளப்பது? சோதனைக்கூடங்களில் 'சாம்' என்றொரு பொம்மைத் தலை இருக்கிறது. உள்ளே திரவம் நிரப்பி, பக்கத்தில் போனை வைத்து அளப்பார்கள். அதன் அளவு அமெரிக்க ராணுவ வீரர்களிடம் எடுக்கப்பட்டது. வாட்டசாட்டமான ஓர் ஆணின் தலை. பெரிய தலைதான் அதிகம் உறிஞ்சும், எனவே அதில் தேறினால் எல்லோருக்கும் பாதுகாப்பு என்பது வாதம்.

யூட்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஓம் காந்தி இதை ஏற்கவில்லை. பெரியவர், பத்து வயதுக் குழந்தை, ஐந்து வயதுக் குழந்தை என மூன்று தலைகளைக் கணினியில் ஒப்பிட்டு, குழந்தையின் தலைக்குள் ஆற்றல் இன்னும் ஆழமாக இறங்குகிறது என்று 1996-இல் எழுதினார். சூரிச்சில் நீல்ஸ் குஸ்டரின் குழு பெரிய வித்தியாசம் இல்லை என்று 1998-இல் மறுத்தது. பல ஆண்டுகள் நீண்ட இந்தச் சண்டையில், 2010-இல் குஸ்டர் குழுவின் புதிய கணக்கே ஒரு தெளிவைக் கொடுத்தது. முழுத் தலையின் உச்ச அளவைப் பார்த்தால் வயதால் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் குழந்தையின் மண்டையோடு மெல்லியது, மூளை போனுக்கு இன்னும் அருகில் இருக்கிறது. ஆகவே மூளையின் சில பகுதிகளில் இரண்டு மடங்குக்கு மேலும், மண்டையோட்டு மஜ்ஜையில் சுமார் பத்து மடங்கும் கூடுதலாக இறங்கலாம்.

கூடுதலாக இறங்குகிறது என்பதாலேயே கெடுதல் செய்கிறது என்று ஆகிவிடாது. பிரிட்டனில் சர் வில்லியம் ஸ்டீவர்ட் தலைமையிலான நிபுணர் குழு 2000-இல் இதை அழகாகக் கையாண்டது. கெடுதல் நிரூபணமாகவில்லை, ஆனால் குழந்தைகளின் நரம்பு மண்டலம் இன்னும் வளர்கிறது, அவர்கள் வாழ்நாள் முழுக்கப் போனுடன் இருக்கப் போகிறார்கள், அவசியமில்லாத அழைப்புகளைக் குறைக்கலாம் என்றது.

2011 மே மாதம் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, இந்தக் கதிர்வீச்சை 'புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியமுள்ளது' என்ற 2பி பிரிவில் சேர்த்தது. வாட்ஸ்அப்பில் இன்றும் சுற்றுவது இதுதான். ஆதாரம் குறைவாக இருப்பவற்றுக்கான பிரிவு அது என்ற வரி மட்டும் ஃபார்வர்டில் வராது.

அதே ஆண்டு டென்மார்க், ஸ்வீடன், நார்வே, சுவிட்சர்லாந்து நாடுகளில் 7 முதல் 19 வயது வரையிலான 352 மூளைக்கட்டி நோயாளிகளை ஆராய்ந்த ஆய்வு, கைபேசியுடன் தொடர்பு காணவில்லை. பிறகு வந்த 'மோபி-கிட்ஸ்' இன்னும் பெரியது. இந்தியா உட்பட 14 நாடுகள், 10 முதல் 24 வயது, சுமார் 900 நோயாளிகள், ஒப்பிட சுமார் 1,900 பேர். அதிலும் தொடர்பு தெரியவில்லை.

கட்டி வராமலே மூளையின் வேலையில் மாற்றம் வருமா? 2011-இல் நோரா வோல்கோவின் குழு 47 பெரியவர்களை ஸ்கேன் செய்தது. 50 நிமிட அழைப்பில், ஆன்டெனாவை ஒட்டிய பகுதியில் குளுக்கோஸ் பயன்பாடு சுமார் 7 சதவீதம் கூடியது. அது நல்லதா கெட்டதா என்று அவர்கள் சொல்லவில்லை. 2018-இல் சுவிட்சர்லாந்தில் ஏறத்தாழ 700 வளரிளம் பருவத்தினரை ஓராண்டு கவனித்தார்கள். மூளைக்கு அதிகக் கதிர்வீச்சு சென்றவர்களிடம், அதிலும் வலது காதில் பேசுபவர்களிடம், வடிவங்களை நினைவில் வைக்கும் திறன் சற்றுக் குறைவாகத் தெரிந்தது. மெசேஜ், விளையாட்டு போன்ற பயன்பாட்டில் அந்தத் தொடர்பு இல்லை. வேறு காரணங்களும் இருக்கலாம் என்று ஆய்வாளர்களே எச்சரித்தார்கள்.

ஆக, அந்தத் தாய்க்கு என் பதில்: புற்றுநோய் பயம் வேண்டாம், ஆராய்ச்சி பெரும்பாலும் ஆறுதலையே தருகிறது. நினைவாற்றல் கேள்வி இன்னும் மூடப்படவில்லை. அதற்கான மருந்து செலவில்லாதது: தூரம். போன் காதைவிட்டு ஒரு அடி தள்ளிப் போனாலே தலைக்குப் போகும் அளவு மிகவும் குறைந்துவிடும். ஸ்பீக்கரில் போடுங்கள், தாத்தா பேசுவதை வீடே கேட்கட்டும். லிஃப்டிலும் கீழ்த்தள பார்க்கிங்கிலும் பேச வேண்டாம். சிக்னல் குறைந்தால் போன் கூடுதல் சக்தியுடன் கத்த வேண்டியிருக்கிறது. உங்கள் போனின் சார் மதிப்பை அறிய *#07# அழுத்துங்கள். இந்தியாவின் வரம்பும் 1.6 வாட்தான்.

டவர் விஷயத்தை அடுத்த கூட்டத்தில் பேசுவோம். டவர்களுக்கு 2012 செப்டம்பர் முதல் நம் நாட்டில், சர்வதேசப் பரிந்துரையில் பத்தில் ஒரு பங்குதான் வரம்பு. சிக்னல் நன்றாக இருந்தால் காதில் இருக்கும் போன் மெதுவாகப் பேசும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு வாருங்கள்.