கருவியும் ஆசிரியரும்: வகுப்பறை வரலாற்றிலிருந்து ஒரு குறிப்பு

“நம்மட ஆசிரியர்மார் புதுசா எதையும் தொடமாட்டாங்க” என்ற பேச்சு நம்மிடையே நெடுநாளாக உண்டு. நலன்விரும்பிகள் கொடுத்த கொம்பியூட்டர்கள் பூட்டிய அறைக்குள் தூசு பிடித்துக் கிடந்தால் முதல் பழி அவர்கள் மேல்தான். வரலாற்றைப் புரட்டினால் இந்தப் பழி அவ்வளவு நியாயமாகத் தெரியவில்லை.

1913இல் தோமஸ் எடிசன், பாடசாலைகளில் புத்தகத்தின் காலம் முடிகிறது, பத்து ஆண்டுக்குள் சலனப்படம் கல்வியையே மாற்றிவிடும் என்று பத்திரிகையொன்றுக்குச் சொன்னார். பத்து ஆண்டு போனது, புத்தகம் போகவில்லை. ஏன் என்று அமெரிக்க வரலாற்றாய்வாளர் லெரி கியூபன் 1986இல் வெளிவந்த தமது நூலில் ஆராய்ந்தார். கருவிக்கும் படச்சுருளுக்கும் செலவு அதிகம். தேவைப்படும் நேரத்தில் அவை கைக்குக் கிடைப்பதில்லை. அன்றைய பாடத்துக்குப் பொருந்தும் படம் அகப்படுவதில்லை. இயக்கவும் பலருக்குப் பழக்கமில்லை. இதில் சோம்பல் எங்கே இருக்கிறது?

பசுபிக் தீவான அமெரிக்க சமோவாவின் அனுபவம் இன்னும் தெளிவானது. அங்கு 1964இல் ஆளுநர் ரெக்ஸ் லீயின் முயற்சியால் தொலைக்காட்சியே பிரதான ஆசிரியராக்கப்பட்டது. நிலையத்தில் இருப்பவர் பாடம் நடத்துவார்; வகுப்பில் நிற்பவர் பயிற்சி மட்டும் கொடுப்பார். சில ஆண்டுகளில் மேல்வகுப்பு மாணவர்களும் ஆசிரியர்களும் சலித்துப்போனார்கள். 1970களில் டீவி மெல்ல மெல்ல ஒரு துணைக்கருவியாகச் சுருங்கியது.

கரும்பலகையின் கதை இதற்கு மாறானது. 1810 முதல் 1820 வரை எடின்பரோ உயர் பாடசாலையின் தலைமை ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் பில்லான்ஸ், கரும்பலகையில் வர்ண வெண்கட்டியால் வரைந்து புவியியல் கற்பித்தார். அது ஆசிரியரின் இடத்தைப் பிடிக்கவில்லை. அவருடைய கைக்குள் அடங்கியது. நினைத்தவுடன் எழுதலாம், அழிக்கலாம். இருநூறு வருஷம் நிலைத்ததற்குக் காரணம் இதுதான்.

நம் நாட்டிலும் இதைக் கண்டோம். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, எந்தப் பெரிய திட்டத்துக்கும் காத்திராமல் ஆசிரியர்மார் தங்கட சொந்தப் போனில் வட்ஸ்அப் வழியே பாடம் அனுப்பினார்கள். புதுசைத் தொடமாட்டார்கள் எனப்பட்டவர்கள்தான் இவர்கள். அங்கே தடையாக நின்றது மனசு அல்ல. சிக்னலும் டேட்டாவும் போன் இல்லாத வீடுகளும்தான். சிக்னல் தேடிப் பிள்ளைகள் பாறையிலும் மரத்திலும் ஏறிய செய்திகளை நாம் மறக்கவில்லை.

இன்று பழைய மாணவர் சங்கங்கள் ஸ்மார்ட் போர்ட் வாங்கக் காசு சேர்க்கின்றன. நல்ல காரியம். ஆனால் வாங்கும் முன் அந்த வகுப்பு ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்போம். பயிற்சிக்கும் பழுதுபார்ப்புக்கும் ஒரு தொகையை ஒதுக்குவோம். முக்கியமாக, அறையின் திறப்பை அவர் கையிலேயே கொடுப்போம்.